‘நீங்க’ வராத பொண்ணு

“எண்பத்திரண்டு வயசுப் பெரியவரைப் பார்த்து, ‘என்னடா, சாப்பிட்டியா நீ’ன்னு கேக்குதாம் உங்க மாணவி. முதியோர் இல்லத்து மதர் போன் பண்ணிக் கத்துறாங்க.”

வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தரும் பள்ளியின் இயக்குநர் ரிகொபெர்த்தோ சொல்ல, ஒதிலியா டீச்சருக்குக் காது சிவந்தது.

“சிக்ரிட்டா? இருக்காது சார்.”

“பெத்த அப்பனையே ‘நீங்க’ன்னு கூப்பிடுற ஊரு இது. ஏழு வாரமா என்னத்த சொல்லிக் குடுத்தீங்க?”

“எல்லாம் சொல்லித்தான் குடுத்தேன்.”

“அப்ப திமிரா? திமிர்னா இனிமே அந்தப் பொண்ணு அங்க வரவே வேண்டாம்னு மதர் சொல்லிட்டாங்க. தெரியாம பேசுதுன்னா பொறுத்துக்குவாங்களாம். ஆனா தெரியலைன்னா அது உங்க தப்பு. அடுத்த வாரம் பாடம் எடுக்கிறவங்க பட்டியல்ல உங்க பேரு இருக்காது.”

“திங்கக்கிழமை சொல்றேன் சார்.”

“பட்டியல் ஒட்டறது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சொல்லுங்க.”

ஸ்பானிஷ் பேசும் மலையூரான ஷேலாவில் மழைக்காலம். பள்ளியில் மாணவர்கள் ஆறு பேர், ஆசிரியர்கள் பதினோரு பேர்; ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர்தான். பட்டியலிலிருந்து பேர் போனால், மறுபடி ஏறுவது எப்போதோ.

சிக்ரிட் நார்வேக்காரி. காலை எட்டிலிருந்து ஒன்று வரை ஒதிலியாவோடு பாடம். மதியம், தங்கியிருக்கும் வீட்டில் கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும். மூன்று மணிக்கு முதியோர் இல்லத்தில் தொண்டு வேலை. ஞாயிறு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள்; சந்தையில் எதையாவது வாங்கித் தின்பாள். ஏழு வாரமாக இதே ஓட்டம்.

புதன்கிழமை ஒதிலியா பாடப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

“தபால்காரர் வர்றார். கூப்பிடு.”

“வாங்க.”

“பேங்க் மேனேஜர்?”

“உட்காருங்க சார்.”

“எண்பது வயசுப் பெரியவர்?”

“வாங்க ஐயா, பார்த்து வாங்க. படி இருக்கு.”

ஒரு பிழை இல்லை. அப்படியானால் திமிரேதான். என் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் நார்வேயிலிருந்து கிளம்பி வந்தாளா? கையும் களவுமாகப் பிடிக்க, வியாழன் மதியம் ஒதிலியா முதியோர் இல்லத்துக்கே போய்விட்டாள்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அந்தப் பெரியவர், ஃபிதென்சியோ. அந்தக் காலத்தில் தலைநகரத்துக்குப் பஸ் ஓட்டியவர். சிக்ரிட் அவர் காலுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கும் குளிக்கலையாடா நீ?”

“நீ குளிச்சு என்னத்தக் கிழிச்ச? மூஞ்சியப் பாரு, வேகாத உருளைக்கிழங்கு.”

“வாய மூடு. கால நீட்டு.”

ஒதிலியா நேரே போய் சிக்ரிட்டின் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

“க்ளாஸ்ல ‘வாங்க போங்க’, இங்க ‘வாடா போடா’வா? உன்னால எனக்கு வேலை போகப்போகுது. தெரியுமா?”

சிக்ரிட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவளை விடுங்க டீச்சர்,” என்றார் கிழவர். “முதல் வாரம் ‘நீங்க’ன்னுதான் சொன்னா. மாத்தச் சொன்னது நான்.”

“நீங்களா? எதுக்கு ஐயா?”

“என்னை ‘நீ’ன்னு கூப்பிட ஆறு பேர் இருந்தாங்க. எல்லாம் என்கூட பஸ் ஓட்டின பயலுக. கடைசி ஆளு போன நவம்பர்ல போய்ச் சேர்ந்துட்டான். இப்ப எல்லாரும் ‘சாப்பிடுங்க’, ‘படுங்க’, ‘திரும்பிப் படுங்க’. யாரோ ஒரு பெரிய மனுஷனை உபசரிக்கிற மாதிரி இருக்கு. அந்த ஆளை எனக்குப் பழக்கமே இல்ல டீச்சர்.”

“மதர்கிட்ட சொல்லலாமே?”

“சொன்னேன். இங்க எல்லாருக்கும் ஒரே சட்டமாம். சரி, இவ வெளிநாட்டுக்காரி, மொழி தெரியாம உளர்றான்னு விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். ஏதோ நாலு நாள் ஓடுச்சு.”

“நம்ம ஊர்க்காரங்க யாரையாவது கேட்டிருக்கலாம் ஐயா.”

“எங்க, நீங்க ஒரு தடவை என்னை ‘நீ’ன்னு சொல்லுங்க.”

ஒதிலியா வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள்.

“உடம்பைப் பார்த்துக்கங்க ஐயா,” என்றுதான் வந்தது.

கிழவர் சிக்ரிட்டைப் பார்த்தார். “பார்த்தியா?”

வெள்ளிக்கிழமை காலை. ரிகொபெர்த்தோ பட்டியலை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“விசாரிச்சீங்களா டீச்சர்? அந்தப் பொண்ணு தெரியாம பேசுதா, திமிர்ல பேசுதா?”

“தெரியாமத்தான் சார்,” என்றாள் ஒதிலியா. “ஏழு வாரத்துல நான் அதைச் சொல்லிக் குடுக்கவே இல்ல.”