தெருமுனையில் விளக்கு

அப்பா இறந்த அன்று கூடத்தில் ஏற்றிய விளக்கு, பதினாறாம் நாள் காரியம் வரை அணையக் கூடாது. அதற்குள் கார் ஷெட்டில் நின்ற அவருடைய பழைய மோரிஸ் மைனரின் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கிவிட்டது. அதைக் கழற்றக் காருக்கடியில் படுத்த சொக்கலிங்கம் உள்ளே பார்த்துக் கத்தினான். “அக்கா, முதல்ல விளக்க அமத்து. வீடே பத்திக்கிடும்.”

“காரியம் முடியாம அமத்த மாட்டேன்” என்ற மங்கை, சுடரைக் கையால் மறைத்தபடி விளக்கோடு பின்வாசல் வழியாகத் தெருமுனைக்குப் போய் நின்றாள். பட்டப்பகலில் அவளைப் பார்த்த பஸ் பயணிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொக்கலிங்கம் பெட்ரோலை ட்யூபால் உறிஞ்சிக் கேனில் பிடித்தான். டிக்கிக்குள் இருந்த திருகுகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு, டேங்கைத் தாங்க மறுபடி காருக்கடியில் படுத்தான். கடைசித் திருகு உடைந்து டேங்க் சரிந்தபோது, அடியில் தங்கியிருந்த பெட்ரோல் முழுவதும் அவன்மேல் கொட்டியது. டேங்கைக் கொல்லையில் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிடப் போனான்.

“முடிஞ்சிட்டுக்கா. கை வலிக்கும், எங்கிட்ட குடு” என்று ஈரக் கையை நீட்டிக்கொண்டு வந்தான்.

“கிட்ட வராதடா.”

“பரவால்லக்கா, குடு.”

மங்கை பின்னால் நகர்ந்தாள். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. சுடரை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டு, வாயைக் குவித்தாள்.