அதனால்

மாறுவேடப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த அணு விஞ்ஞானி ஆராவமுதனின் எதிரே, ஆராவமுதனாகவே வேடம் போட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். பஞ்சு மீசையையும் முழங்காலுக்குக் கீழே தொங்கிய அப்பாவின் கோட்டையும் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் பெயர் ஆராவமுதன். நான்தான் அணுகுண்டு செய்தேன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கணக்குப் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது, குண்டு செய்தது வேறு ஆட்கள் என்றுதான் கேட்கிறவர்களிடமெல்லாம் இத்தனை வருடமாக அவர் சொல்லிவந்தார். குழந்தையிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

"அதனால்..." என்றவளுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. "அதனால்..." என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓரமாக நின்று டீச்சர் வாயசைத்தது அவளுக்குப் புரியவில்லை. நேராக ஆராவமுதனைப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்கதானே அது. அதனால என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அரங்கம் சிரித்தது. டீச்சர் இன்னொரு மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, சிறுமி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வதற்காக.