மேட்டுப் பக்கத்துச் சேவல்

"நான் சொல்றது உங்க காதுல விழாம முப்பது வருஷம் ஓடிப்போச்சு. அப்பல்லாம் வராத கவலை, இப்ப ஒரு வான்கோழிக்காக வருதாக்கும்?"

வெர்னா கேட்டுவிட்டுக் காபியை மேசையில் வைத்தாள். டெல்மார் சிரிக்கவில்லை. காட்டிலிருந்து வந்தவர் வேட்டைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விளையாட்டு இல்ல வெர்னா. சீசன் தொடங்கி ரெண்டு வாரமாச்சு. ஒரு சேவல் குரல்கூட எனக்குக் கேக்கல. உங்கண்ணனுக்கு தினமும் கேக்குது."

வெர்னாவின் அண்ணன் ராய்ஸும் டெல்மாரும் முப்பத்தோரு வசந்தமாகச் சேர்ந்தே வேட்டைக்குப் போகிறவர்கள். மிசூரியின் மலைக்காட்டில் ஏப்ரல் நடுவில் தொடங்கி மூன்றே வாரம். விடியும் முன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஆந்தை போலக் குரல் கொடுத்தால், கிளையில் அடைந்திருக்கும் வான்கோழிச் சேவல் ரோஷம் வந்து கொக்கரிக்கும். அது எந்தத் திசை என்று தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். இருவரும் காட்டுக்குள் வாயே திறக்க மாட்டார்கள். முதலில் கேட்டவர் அந்தப் பக்கம் கையை நீட்டுவார், மற்றவர் தலையாட்டுவார். இத்தனை வருடமும் அவர்களுக்குள் இதுதான் ஏற்பாடு.

இந்த வருடம் முதல் நாளே டெல்மாருக்கு அடி விழுந்தது. ராய்ஸ் ஆந்தைக் குரல் கொடுத்தார். காடு பேசாமல் கிடந்தது. டெல்மார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, அரையிருட்டில் ராய்ஸின் கை மேட்டுப் பக்கமாக உயர்வது தெரிந்தது. டெல்மாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டவர் போலவே தலையாட்டி வைத்தார்.

மறுநாள், தன் காதைப் பற்றி ராய்ஸுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று டெல்மார் முந்திக்கொண்டார். குத்துமதிப்பாக ஓடைப் பக்கம் கையை நீட்டினார். ராய்ஸ் உடனே பலமாகத் தலையாட்டினார். அதுதான் டெல்மாரை இன்னும் உடைத்துப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு காட்டிய இடத்தில்கூட ஒரு சேவல் கத்தியிருக்கிறது, அதுவும் தன் காதில் விழவில்லை.

பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியை மதியம்வரை உரசிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. திரும்பும் வழியில் வண்டியில் ராய்ஸ் அதற்கும் காரணம் சொன்னார்.

"கிழட்டுச் சேவல், மாப்ள. கூடவே நாலு பெட்டை இருக்கு. நம்ம பெட்டிச் சத்தத்துக்கு எதுக்கு வரப் போறான்?"

"ஆமா மச்சான். குரல்லயே தெரியுது."

தீவனக் கடையில் கூடும் மற்ற வேட்டைக்காரர்கள், இந்த வருடம் காட்டில் குரலே இல்லை என்று புலம்பினார்கள். தங்கள் மேட்டில் தினமும் கத்துவதாக ராய்ஸ் சொன்னார். டெல்மார் ஒத்து ஊதினார். புலம்புகிறவர்கள் எல்லாருமே எழுபதை எட்டியவர்கள், அவர்களுக்கும் காது போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் மனைவியிடம் கொட்டிவிட்டு டெல்மார் சொன்னார்: "காது போச்சுன்னா துப்பாக்கியைச் சுவத்துல மாட்டிட வேண்டியதுதான். அது போனாப் போகுது. உங்கண்ணி செத்தப்புறம் ராய்ஸுக்கு இருக்கறதே இந்த மூணு வாரம்தான். நானும் வரலேன்னா அவன் என்ன பண்ணுவான்? அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

வெர்னா சட்டென்று பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. தனக்காக அழுகிறாள் என்று டெல்மார் நினைத்துக்கொண்டார்.

"வியாழக்கிழமைக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கறேன்" என்றாள், முகத்தைக் காட்டாமலே.

வியாழக்கிழமை டவுனில் அவர் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அறுபத்தாறு வயசுக்கு அருமையான காது. இலை விழுந்தாக்கூட உங்களுக்குக் கேக்கும்."

டெல்மாருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. காது சரியாக இருக்கிறதென்றால் சேவல் கத்தவே இல்லை. அப்படியானால் ராய்ஸ் இத்தனை நாளும் தன்னை முட்டாளாக்கியிருக்கிறான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷன். தானும் ஓடைப் பக்கம் கை காட்டியது அந்தக் கோபத்தில் டெல்மாருக்கு நினைவே வரவில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று கதவைத் திறந்தார்.

வெளியே காத்திருப்போருக்கான நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ராய்ஸ் உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க மாப்ள இங்க?" ராய்ஸின் முகம் சிவந்துபோனது.

"அதை நான் கேக்கணும் மச்சான்."

ராய்ஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெர்னாதான் நேரம் வாங்கிக் குடுத்தா. போன வாரம் அவகிட்ட அழுதுட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கினேன். உனக்கு தினமும் கேக்குது மாப்ள. எனக்கு ஒரு நாள்கூடக் கேக்கல."

டெல்மார் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சமையலறையில் குலுங்கிய தோள்கள் நினைவுக்கு வந்தன.

"மொத நாள் மேட்டுப் பக்கம் கை காட்டினது நீதானே மச்சான்?"

"நானா? மூஞ்சிக்கு நேரா சிலந்தி வலை தொங்குச்சு, அதை விலக்கினேன். திரும்பிப் பாத்தா நீ தலையாட்டிட்டு இருக்கே."