மல்லி பிறாண்டவில்லை

ஆற்றுப் பாலத்துச் சோதனைச்சாவடியில் இரண்டு மோப்ப நாய்கள் இருந்தன. போதைத்தூள் வாசனை அடித்தால் மல்லி பிறாண்டும். வெடிமருந்து வாசனை அடித்தால் பீமா அசையாமல் உட்காரும். சரக்கு லாரிகள் மல்லி பக்கம், பேருந்துகள் பீமா பக்கம். நடுவில் கம்பிவேலி.

அன்று மைதா மூட்டை லாரி ஒன்று வந்தது. மூட்டைக்கடியில் தூள் வாசனை. மல்லியின் முன்னங்கால்கள் தாமாகவே எழுந்தன. அதற்குள் இன்னொரு வாசனை மூக்கில் ஏறியது.

"பீமாண்ணே, உங்க சரக்கும் இதுல கிடக்கு."

"மைதாவுல மூக்கு அடைச்சிருச்சா? தூள்காரி தூளோட நில்லு."

"சத்தியமாண்ணே. ரெண்டையும் கட்டினது ஒரே கை. ஒரே வேர்வை நாத்தம்."

காற்று வேலிப்பக்கம் திரும்பியது. பீமாவின் காதுகள் விறைத்தன.

"பிறாண்டாதடி! நகம் பட்டா பாலமே போயிடும். என்னை மாதிரி உட்காரு!"

மல்லி கால்களை மெல்ல இறக்கி உட்கார்ந்தது. பீமாவும் உட்கார்ந்தது.

"பிறாண்டலையே. லாரி போகலாம்," என்றார் மல்லியின் காவலர்.

பீமாவின் காவலர் ஒரு கணம் திடுக்கிட்டார். பிறகு, "நம்ம பக்கம் பஸ்ஸே வரலையேடா. வெயில் தாங்கலையா?" என்று அதன் கழுத்தைத் தடவினார்.

தடுப்புக் கம்பம் எழுந்தது. மல்லி சங்கிலியை உருவிக்கொண்டு ஓடி, முன்சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். அது எழுந்திருக்கவில்லை.

காவலர்கள் இருவரும் அப்போதுதான் வேலியின் இருபுறமிருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.