ஷெரினை எடுத்தது யார்?

“மதன்குமார்... முப்பத்தெட்டுப் பேரு எடுத்திருக்காக!”

கிறிஸ்டோபர் மைக்கில் அலற, ராயப்பன்பட்டித் திடலில் விசில் பறந்தது.

“அருண் ஜோசப்... இருபத்தொம்பது! ஷெரின்... ஒண்ணு. மாரீஸ்வரி...” கிறிஸ்டோபர் தொண்டையைச் செருமினான். “யாருமில்ல.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஷெரின் தோளில் இருந்த பேஸ்பால் பேட்டைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று மைக்கை நோக்கி நடந்தாள்.

திருவிழாவுக்காக நடக்கிற பேஸ்பால் போட்டி அது. ஊருக்கு ஆட்டத்தைவிடப் பெரிய பைத்தியம் இன்னொன்று. காலையிலேயே இரண்டு அணியின் பதினெட்டுப் பேரிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒன்பது பேரை எடுத்துக் கிறிஸ்டோபரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் எடுக்கிற ரன், பிடிக்கிற கேட்ச் எல்லாம் உங்கள் கணக்கில் புள்ளி. அதிகப் புள்ளி வாங்குகிறவருக்கு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. மைதானத்தில் ஆடுகிறவர்களும் அனுப்பலாம். தன் பேரை மட்டும் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. யாரை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள்.

“என்னண்ணே இது அநியாயம்?”

“நான் என்னத்தா செய்ய? வந்ததை வாசிச்சேன்.”

“கம்பம் டீம்ல பொண்ணே கிடையாது. நம்ம டீம்ல நாங்க ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒத்த ஆளா? இந்த அருண் ஜோசப் போன ஆட்டத்துல மூணு தடவை பேட்டைச் சுத்துனான். மூணும் காத்துல! இவனுக்கு இருபத்தொம்பதா?”

“இன்னைக்கு ஃபார்முக்கு வந்துருவேன்க்கா,” என்றான் அருண் ஜோசப்.

“ஏலே, நீ பேசாத!”

ஷெரின் மதுரையில் எம்.ஏ. படிக்கிறவள். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். இது தெரிந்தும் மதன்குமார் வாயைத் திறந்தான்.

“அந்த ஒண்ணும் அவுக அப்பா போட்டதாத்தான் இருக்கும்!”

எல்லோரும் அமிர்தராஜைப் பார்த்தார்கள். ஷெரினின் அப்பாவும், இந்த அணிக்குப் பயிற்சி கொடுக்கிற பி.டி. வாத்தியாரும் அவர்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“இல்லத்தா. நான் போடல.”

“அப்பா!”

“திராட்சைப் பெட்டி வேணும்ல? உங்கம்மா வேற ஆசையாக் கேட்டா.”

மறுபடி சிரிப்பு. ஷெரின் மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க! ஒம்பது பேரு சேரலைன்னு வீடு தேடி வந்து எங்களைக் கூப்பிட்டீக. அப்ப மட்டும் நாங்க வேணும். டீம் எடுக்கைல விரலு தானா ஆம்பளப் பேருக்குப் போயிருதா? நேத்து அங்கன வேலி ஓரத்துல ஓடி விழுந்து கேட்ச் பிடிச்சது யாரு? மாரீஸ்வரி! முழங்கால்ல தோலு உரிஞ்சு கிடக்கு. அவளுக்கு யாருமில்லையாம்! அவுக அம்மா தோட்டத்து வேலைக்கு லீவு போட்டுட்டு இன்னைக்குத்தான் மொதமொதலா பாக்க வந்திருக்காக. அவுக காதுல விழுற மாதிரி இதை வாசிப்பீகளா?”

மரத்தடியில் நின்ற மாரீஸ்வரியின் அம்மா மகாலட்சுமி, எல்லோரும் திரும்பிப் பார்க்கவும், குடையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

கிறிஸ்டோபர் மெதுவாக இழுத்தான். “ஏத்தா, நீயும்தான காலையில மொத ஆளா டீம் அனுப்புன...”

“பேச்சை மாத்தாதீக! படிச்ச ஊருன்னு வெளியில பெருமை பேசுறோம். ஒரு பொண்ணை நம்பி எடுக்க இத்தனை பேருல ஒருத்தருக்கும் மனசு வரல. வெக்கமா இல்ல? இனிமே நாங்க ஆடல. மிச்சம் ஏழு பேரை வச்சு என்ன ஆடுவீகளோ ஆடிக்கங்க. வா மாரி, போவோம்!”

மதன்குமார் தன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அது கட்டித்தான் இருந்தது.

“அப்ப நாங்க ஜெயிச்சதா அர்த்தமாண்ணே?” என்று கேட்டான் கம்பம் அணியின் கேப்டன் சுரேஷ்கண்ணன்.

ஷெரின் பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். மாரீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்று கிளவுஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வாடி!”

“நான் ஆடணும் ஷெரினு. எங்கம்மா வந்திருக்கு.”

ஷெரின் திரும்பி வந்தாள்.

“உனக்காகத்தானடி இம்புட்டும் கத்துறேன்! இத்தனை பேரு இருந்தும் உன்னை ஒருத்தர்கூட எடுக்கல. கொஞ்சமாச்சும் ரோஷம் வேணாமா?”

“வேணும்தான்.”

மாரீஸ்வரி கீழே கிடந்த பேட்டை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு ஷெரினின் கையில் கொடுத்தாள். பிறகு, பக்கத்தில் வந்து மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“உன்னை எடுத்த அந்த ஒரு ஆளு நான்தான்டி. என்னை யாருமே எடுக்கலைன்னா... நீயுந்தான எடுக்கல?”