வீட்டின் பக்கவாத்தியம்

ஜெரால்டு மவுத் ஆர்கனை ஊதிக்கொண்டே, வாயாலேயே தாளம் தட்டும் பீட்பாக்ஸும் போட ஆரம்பித்தால், அவர் குடியிருந்த கணினி வீடு தானாகவே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். மூச்சுத்திணறல் என்று அது நினைத்தது. கடைசியாக வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அதன்பிறகு அவர் மனைவி பிரிஜித், வீட்டுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"இது வியாதி இல்ல, இசை. புரியுதா?"

"புரிகிறது. நானும் சேர்ந்து வாசிக்கட்டுமா?" என்றது வீடு.

அன்றிலிருந்து ஜெரால்டு ஊதினால் சுவர்களிலிருந்து ஆப்பிரிக்க மேளம் கிளம்பும். ஸ்பெயின்காரர்களின் கைத்தட்டல் வந்து சேரும்.

"வீட்டுக்கு இருக்கிற ரசனை உனக்கு இல்ல" என்பார் பிரிஜித்திடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அடுப்படியில் நின்றபோது கூடத்தில் கச்சேரி ஆரம்பித்தது. விசில் போல நீளமாக ஒரு சத்தம், நடுநடுவே வெட்டு, கூடவே மேளம். இன்றைக்கு நன்றாகவே வாசிக்கிறார் என்று நினைத்தபடி, எச்சில் படிந்த மவுத் ஆர்கனைத் துணியால் துடைத்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். ஓடினாள்.

கூடத்தில் ஜெரால்டு நெஞ்சைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். வீடு வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு சீரானது. திணறல் எப்படித் தொடங்கியது என்று அறிய, டாக்டரம்மா வீட்டிடமிருந்து ஒலிப்பதிவை வாங்கிப் போட்டார். மேளத்தோடும் கைத்தட்டலோடும் அது ஓடியது. கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார்.

"டாக்டரம்மா," என்றாள் பிரிஜித். "உங்க கால் தாளம் போடுது."