செவலைக்கு என்ன நோய்?

“வேனை இங்கேயே திருப்பி நிறுத்து பிரேம். நாயைத் தூக்குறோம், கிளம்புறோம். இந்த ஆளுங்ககிட்ட பேசி மாளாது” என்றாள் டாக்டர் ராதிகா.

நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுநோயை உயிரணு உயிரணுவாகப் பிரித்து ஆராய்கிறவள் அவள். வளப்பூர் நாடு என்னும் மலையூரின் விவசாயி காளியண்ணனின் செவலை நாய்க்கு முன்னங்காலில் வீக்கம். போன வாரம் வந்து எலும்பில் துளை போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் போயிருந்தாள். சந்தேகமே இல்லை, புற்றுதான். இன்றே அந்தக் காலை எடுத்துவிட்டால் நாய் இன்னும் கொஞ்ச காலம் பிழைத்துக் கிடக்கும். அவள் ஆராய்ச்சிக்கும் உயிருள்ள அணுக்கள் கிடைக்கும்.

“அவருக்கு நோயைப் பத்தி வெளக்கமா சொல்லிட்டீங்களா மேடம்?” என்றான் உதவியாளன் பிரேம்.

“நேத்து போன்ல ஒரே வரியில சொன்னேன். அதுக்கே ‘அப்படீங்களா, அப்படீங்களா’ன்னு உயிரை வாங்கிட்டார். மிளகு காயவைக்கிறவருக்கு உட்கார்ந்து பாடமா நடத்த முடியும்? வெச்சுட்டேன்.”

பிரேம் வேனைத் திருப்பி நிறுத்தினான். மேடத்துக்கு நாய்கள் என்றால் உயிர். அவற்றை வளர்ப்பவர்களைக் கண்டால்தான் ஆகாது.

பலா மரத்தடியில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்த காளியண்ணன் கும்பிட்டபடி எழுந்து வந்தார்.

“வாங்க அம்மிணி. எதுக்குங்க இவ்வளவு தூரம் அலையறீங்க? இனி வேலையே இல்லீங்களே.”

“ஏன், எந்தப் பச்சிலையை வெச்சுக் கட்டினீங்க?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“அப்ப மந்திரிச்சு விட்டீங்களாக்கும்.”

“இல்லீங்க அம்மிணி. நீங்க படிச்சவங்க. நீங்க சொன்ன நோய்க்குத்தான் வைத்தியம் பார்த்தேன்.”

ராதிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நான் சொன்னதுல உங்களுக்கு என்ன வெளங்குச்சு?”

“நல்லா வெளங்குச்சுங்க. ராவெல்லாம் முனகிட்டே கிடக்கும் எஞ்சாமி. இப்பப் பாருங்க, சத்தமே காணோம். அசந்து தூங்குது.”

வாசலோரம் சாக்கின் மேல் செவலை கிடந்தது. ராதிகா குனிந்து அதன் விலாவில் கை வைத்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டு விறைத்திருந்தது.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“எலும்புக்குள்ள செல்லு பெருகிப் புத்து வெச்சிருச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றார் காளியண்ணன். “அதான், நீங்க போட்டுவெச்ச ஓட்டையிலயே கறையான் மருந்தை ஊத்திவிட்டேனுங்க.”